மூன்றாவது கண்ணாடி

மண்ணைப் பற்றித் தமக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்பது பஞ்சாபகேசனின் கட்சி. அந்தக் கட்சியில் இப்போதெல்லாம் அவர் ஒருவர்தான் உறுப்பினர் என்பது வேறு விஷயம்.

வடாலாவில் ஜஹாங்கீர் சேட்டின் கம்பெனியில் அவருக்கு இருபது வருஷ சர்வீஸ். பம்பாயில் யாராவது மாடி கட்டப் போகிறார்கள் என்றால், முதலில் அந்த இடத்தில் இரும்புக் குழாயை இறக்கி, அடியில் கிடக்கும் மண்ணை எடுத்து வந்து, அது எவ்வளவு பாரம் தாங்கும், கட்டடம் எத்தனை அங்குலம் கீழே இறங்கி உட்காரும், அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் வேண்டும் என்று யோசனை சொல்லி எழுதிக் கொடுக்கிற கம்பெனி அது. எழுதுகிறவர் பஞ்சாபகேசன். எழுத்து அச்சுக் கோத்தாற்போல் இருக்கும். எப்பேர்ப்பட்ட எழுத்தையும் பார்த்து அப்படியே எழுதவும் வரும். "பஞ்சுவின் கையைச் சட்டம் போட்டு மாட்டலாம்" என்று சேட்டே ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

சேட் அப்படிச் சொன்னது எட்டு வருஷத்துக்கு முன்னால். அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து வருவதெல்லாம் வானமாமலையின் பெயர்தான்.

வானமாமலை நாங்குநேரிப் பக்கத்துக்காரன். தாராவியில் குடியிருப்பு. கம்பெனிக்குக் குழாய் திருகுகிற கூலியாக வந்தவன். பகலெல்லாம் இடுப்பளவு சேற்றில் நின்று குழாயைத் திருகினான், மாலையில் டிப்ளமா வகுப்புக்குப் போனான். இதோ, 1966இல், பஞ்சாபகேசனின் மேஜைக்கு எதிரே ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறான். ஒரு நாள் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் பஞ்சாபகேசன் அந்த மேஜையை ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தார். அவருடையதைவிட அரை அங்குலம்கூடக் குறைவில்லை. முன்னால் வந்த காதைப் பின்னால் வந்த கொம்பு மறைக்கும் என்று கேட்டிருக்கிறார், ஆனால் கொம்புக்கும் மேஜை போட்டுக் கொடுப்பார்கள் என்று அவர் நினைக்கவில்லை.

தாராவியில் ஒரு தோல் வியாபாரி கிடங்கு கட்ட வந்தபோது பட்டதுதான் முதல் அடி. பஞ்சாபகேசன் பக்கத்து மனையின் பழைய ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து, பன்னிரண்டு அடியில் கெட்டி மண் கிடைக்கும் என்றார். வானமாமலை குழிக்குள் இறங்கி ஒரு பிடி சேற்றை எடுத்து விரலிடுக்கில் தேய்த்தான். மோந்தும் பார்த்தான்.

"சார், இது ஒரிஜினல் மண்ணு இல்ல. தோல் கழிவையும் குப்பையையும் கொட்டி மேடாக்குனது. எங்க வீட்டுக்கு அடியிலயும் இதான் கெடக்கு. இருபத்தஞ்சு அடிக்குக் கம்மியா கெட்டி கெடைக்காது."

குழாய் இருபத்தாறு அடியில் போய் நின்றது. சேட் வியாபாரியின் முன்னாலேயே சிரித்துக்கொண்டு, "பஞ்சு, தும் பி தோடா சூங்கோ" என்றார். நீயும் கொஞ்சம் மோந்துதான் பாரேன் என்று அர்த்தம். பஞ்சாபகேசனும் கூடவே சிரித்து வைத்தார். அன்று செம்பூருக்கு ரயிலில் திரும்பும்போது குர்லா வரைக்கும் அவருக்கு வயிறு எரிந்தது.

செம்பூரில் அவருக்கு ஒரு ராஜ்யம் இருந்தது, அதைச் சொல்ல வேண்டும். மாட்டுங்காவில் ஒண்டுக் குடித்தனம் இருந்த பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து சொசைட்டி அமைத்து, மலையடிவாரத்தில் இடம் பிடித்து, மூன்று மாடிக் கட்டடம் எழுப்பி ஆறு வருஷம் ஆகிறது. சொசைட்டிக்குச் செயலாளர் பஞ்சாபகேசன். மலையை வெட்டி இடம் எடுத்ததால், வெட்டிய பக்கத்து மண் கட்டடத்தின் மேல் சரியாமலிருக்கப் பின்புறம் பன்னிரண்டு அடி உயரத்துக்கு ஒரு கருங்கல் சுவர் வேண்டியிருந்தது. அந்தத் தாங்குசுவரை வரைந்தவர் அவர்தான். "மலையையே தாங்கறது நாகலக்ஷ்மி ஆத்துக்காரர் போட்ட சுவர்" என்று பெண்டுகள் பேசிக்கொள்வார்கள். அதைக் கேட்பதற்காகவே அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பின்பக்கமாக உலாவுவார்.

அந்தச் சுவரில், மலைக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் வடிவதற்காகப் பதினொரு ஓட்டைகள் விட்டிருந்தார். புத்தகத்தில் உள்ளபடிதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில், அதில் ஒரு ஓட்டையிலிருந்து பாம்பு ஒன்று தலையை நீட்டியது. நாகலக்ஷ்மி துணி உலர்த்திக்கொண்டிருந்த இடத்துக்கும் அதற்கும் இரண்டு முழம்தான். பன்னிரண்டு வீட்டுப் பெண்டுகளும் ஒன்றுகூடி, ஓட்டையை அடைக்காவிட்டால் மாட்டுங்காவுக்கே திரும்பிப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். ஊரார் வீட்டுச் சுவராக இருந்தால் கூடாது என்று நாலு பக்கம் எழுதியிருப்பார். தன் வீட்டுப் பெண்டுகளாயிற்றே! மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட்டுப் பதினொன்றையும் சிமெண்ட் வைத்து அடைத்தார். செயலாளர் என்றால் இவரல்லவோ செயலாளர் என்று நாலு நாள் பேச்சாக இருந்தது.

இந்த வருஷம் ஜூன் மாதம், மழை பிடித்த இரண்டாவது வாரம், சுவரின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடியது. சொசைட்டித் தலைவர் பயந்த சுபாவம். பஞ்சாபகேசனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நேரே சேட்டுக்கே எழுதிப் போட்டார். சேட் படித்துவிட்டு, பஞ்சாபகேசன் எதிரிலேயே நிற்கும்போது, "வானமாமலை கோ புலாவ்" என்று அவனைக் கூப்பிடச் சொன்னார்.

இருபத்தைந்தாம் தேதி சனிக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் சுவரடியில் நின்றார்கள். குடித்தனக்காரர்கள் எல்லோரும் பின்பக்க ஜன்னல்களில் நின்றார்கள். வானமாமலை விரிசலைப் பார்க்கவில்லை. சுவரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் நடந்து, வட்ட வட்டமாக இருந்த சிமெண்ட் ஒட்டுகளை எண்ணினான்.

"சார், இந்த ஓட்டைய எல்லாம் ஆரு அடைச்சா?"

"நான்தான். என்ன இப்போ?"

"தொறந்துருவோம் சார். மலைக்குள்ள எறங்குத தண்ணி வெளிய வர வழியில்லாம பின்னால நிக்கி. மண்ணு தள்ளுதது பாதின்னா தண்ணி தள்ளுதது பாதி. நடுவுல வயிறு தள்ளியிருக்கு, பாத்தீயளா?"

எல்லா ஜன்னல்களும் எட்டிப் பார்த்தன. பஞ்சாபகேசனும் பார்த்தார். சுவர் நடுவில் லேசாகப் பிதுங்கித்தான் இருந்தது. அவன் சொல்வது சரி என்று அந்த நிமிஷமே அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் செய்தார் என்று யாரும் அவருக்காகப் பரிந்து பேச வேண்டாம். இருபது வருஷ சர்வீஸில் அவர் எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்த பாடம் அது. ஆனால் அதை இவன் சொல்ல வேண்டுமா? அதுவும் இந்தச் சுவரடியில், நாகலக்ஷ்மி மாடி ஜன்னலில் நின்று கேட்கும்போது?

"பின்னாடி ஜல்லி போட்டு வாய்க்கால் விட்டிருக்கேன். ஜலம் பக்கவாட்டில் போயிடும். இது வெறும் பூச்சு வெடிப்பு" என்றார்.

"ஆறு வருசத்துல ஜல்லில சேறு ஏறியிருக்கும்லா சார்."

"எந்தச் சுவரைப் பத்தி யார்கிட்டப் பேசறே நீ?"

சேட் நடுவில் புகுந்தார். இருவரையும் விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை. கம்பெனியில் வழக்கமாகச் செய்கிற சோதனையைச் செய்துவிடுவோம் என்றார். விரிசலுக்குக் குறுக்கே ஒரு விரல் அகலத்துக்குக் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, இரண்டு முனையையும் பாரிஸ் சாந்து போட்டுச் சுவரோடு இறுக்கிவிடுவது. சுவர் நூலளவு நகர்ந்தாலும் போதும், கண்ணாடி பட்டென்று உடைந்துவிடும். ஏழு வாரம் பார்ப்பது. உடைந்தால் வானமாமலை சொல்கிறபடி ஓட்டைகளைத் திறப்பது. உடையாவிட்டால் சுவர் நிலைத்துவிட்டது, பஞ்சு சொன்னதுதான் சரி. வானமாமலை கண்ணாடியைப் பதித்து, அதன் மேல் தன் கோணல் எழுத்தில் 25-6-66 என்று மசியில் எழுதி, கீழே 'வா.மா.' என்று போட்டான். மறு வாரம் சேட் அவனைப் பன்வேல் பக்கம் ஒரு பாலத்து வேலைக்கு அனுப்பிவிட்டார்.

பஞ்சாபகேசன் தினமும் காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் கண்ணாடியைப் போய்ப் பார்த்தார். சிவராத்திரிக்கு லிங்கத்தைப் பார்க்கிற சிரத்தை. ஜூலை இருபத்துமூன்றாம் தேதி, நல்ல மழைக்கு மறுநாள், கண்ணாடி நடுவில் உடைந்திருந்தது.

அவர் அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பயம் வரவில்லை. சேட்டின் சிரிப்புத்தான் காதில் கேட்டது. தும் பி தோடா சூங்கோ. பிறகு மேலே போய், படச் சட்டத்துக்காக வாங்கி வைத்திருந்த கண்ணாடியில் ஒரு துண்டு வெட்டினார். விரிசலில் சிமெண்டைத் தேய்த்து, சுவரின் மற்ற இடத்துப் பாசியைச் சுரண்டி அதன் மேல் பூசிப் பழசாக்கினார். புதுக் கண்ணாடியைப் பதித்து, அதன் மேல் 25-6-66, வா.மா. என்று அதே கோணல் எழுத்தில் எழுதினார். வானமாமலையே வந்து பார்த்தாலும் தன் கை என்று சத்தியம் செய்வான். எழுதி முடித்ததும், இவ்வளவு அசிங்கமான கையெழுத்தை இவ்வளவு நன்றாக எழுத முடிகிறதே என்று அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

உடைந்த கண்ணாடியை அவர் தூக்கி எறிந்திருக்கலாம். எறியவில்லை. மண் ஆபீஸில் வேலை பார்க்கிறவன் சாம்பிளை எறிய மாட்டான். ஐந்து வருஷத்துப் பழைய மண்கூட டப்பாவில் தேதி போட்டு ஷெல்ஃபில் இருக்கும். அந்தப் பழக்கம் கையை விடவில்லை. கண்ணாடியின் பின்பக்கம் 'பதித்தது 25-6, உடைந்தது 23-7' என்று தம் சொந்த எழுத்தில் பொடியாக எழுதி, ஜியாமெட்ரிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி இரண்டாவது கண்ணாடியும் உடைந்தது. இந்தத் தடவை அவர் நின்று பார்க்கக்கூட இல்லை. பழகிவிட்டது. மூன்றாவதைப் பதித்துவிட்டு, இரண்டாவதன் பின்னால் தேதி எழுதிப் பெட்டியில் வைத்தார்.

பதின்மூன்றாம் தேதி சேட்டும் வானமாமலையும் வந்தார்கள். கண்ணாடி பளிச்சென்று முழுசாக இருந்தது. வானமாமலை கிட்டப் போய் மூக்கு இடிக்கிற மாதிரி பார்த்தான். விரலால் தடவினான். தன் எழுத்தைப் பார்த்தான்.

வானமாமலை திரும்பி, ஜன்னல்களில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னான்:

"நான் சொன்னது தப்பு. சார் சொன்னதுதான் சரி. சுவர் அசையல. கண்ணாடி பொய் சொல்லாதுலா."

சேட் பஞ்சாபகேசனின் முதுகில் தட்டினார். தலைவர் கை குலுக்கினார். நாகலக்ஷ்மி எல்லோருக்கும் காபி அனுப்பினாள். இருபது வருஷத்தில் இவ்வளவு ருசியான காபியைப் பஞ்சாபகேசன் குடித்ததில்லை. ஆனால் அந்த ருசி டம்ளர் காலியாகும் வரைக்கும்தான் இருந்தது.

ஏனென்றால் வானமாமலை டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தலைவரிடம் கேட்டான்: "அய்யா, கீழ கோடி வீடு சும்மாதான கெடக்கு? எனக்கு வாடகைக்குத் தருவீயளா?"

கீழ்த்தளத்துக் கோடி வீட்டுக்காரர் டில்லிக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அதன் பின்பக்க அறையின் ஜன்னலுக்கும் தாங்குசுவருக்கும் நடுவில் பத்தடிதான். விரிசல் விழுந்ததிலிருந்து அந்த வீட்டை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

"தாராவியில எங்க வீடு வருசத்துக்கு ரெண்டு அங்குலம் எறங்குது. மழைக்கு உள்ள முட்டளவு தண்ணி. கைப்புள்ளய வச்சுக்கிட்டு எம் பொண்டாட்டி கட்டில் மேலயே சமைக்கா. விரிசலாலதான் நான் இதக் கேக்கல. இப்பதான் பயமில்லன்னு தெரிஞ்சுபோச்சே."

இதைக் கேட்டதும் பஞ்சாபகேசனுக்கு முதலில் என்ன தோன்றியது என்பதை உள்ளபடி சொன்னால் அவருக்கே வெட்கம். ஐயோ, குழந்தை என்று தோன்றவில்லை. ஆபீஸில் எதிர் மேஜை போதாதென்று என் வீட்டுக்குக் கீழேயும் வந்துவிடுவானா என்றுதான் தோன்றியது. குழந்தை ஞாபகம் அன்று சாயங்காலம் சந்தியாவந்தனத்துக்கு உட்கார்ந்தபோதுதான் வந்தது. வந்த பிறகு போகவில்லை. உத்தரணியை எடுத்த கை எடுத்தபடி நின்றது.

மறுநாள் அவர் வீட்டுக் கூடத்திலேயே கமிட்டி கூடியது. பஞ்சாபகேசன் தம்மால் ஆனதைச் செய்து பார்த்தார்.

"அந்த வீடு வேண்டாம். சுவரெல்லாம் ஈரம் ஓதம். கைக்குழந்தைக்கு ஆகாது."

"ஈரம் எந்த வீட்டில் இல்லை, ஆகஸ்ட் மாசத்தில்?" என்றார் தலைவர்.

"இல்லை... சுவர் பக்கத்தில் இருக்கே. நாளைக்கே எதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

"நீர்தானே ஐயா அசையாதுன்னு சொல்லி ஜெயிச்சீர்!"

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் தணிந்த குரலில், தாராவி மனுஷாள் நமக்குச் சரிப்படாதுன்னு சொல்ல வரார் போலிருக்கு என்றார். எல்லோரும் போன பிறகு நாகலக்ஷ்மி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"ஏன்னா, அந்தப் பிள்ளை மேல உங்களுக்கு இத்தனை பொறாமையா? நேத்திக்கு உங்க கிட்ட எல்லார் முன்னாடியும் தோத்துட்டேன்னு சொன்னானே, அதுவும் போறலையா? பச்சைக் குழந்தைக்குக் கூரை கிடைக்கறதைக் கூடவா தடுப்பேள்?"

அவர் வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை. அதைச் சொன்னால் இருபது வருஷம் போய்விடும். எழுந்து கமிட்டி நோட்டை அலமாரியில் வைக்கப் போனார். பொறாமைக்காரன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நல்லதுக்குப் பேசினாலும் அது பொறாமை என்றுதான் ஊர் காதில் விழும், இதற்கு ஊரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

ஆவணி பிறந்த அன்று வானமாமலையின் பெண்டாட்டி பேராச்சி வந்து பால் காய்ச்சினாள். முதல் டம்ளரை மாடிக்குக் கொண்டு வந்து, "மாமி, சார்தான் சுவரு நல்லாருக்குன்னு சொன்னாவளாம். அவிய புண்ணியத்துலதான் எங்களுக்கு இந்த வீடு" என்றாள். நாகலக்ஷ்மிக்கு அவளைப் பார்த்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. பஞ்சாபகேசனால் அந்தப் பாலைக் குடிக்க முடியவில்லை. தொண்டை வலி என்றார்.

பின்பக்க அறையில் கொக்கி மாட்டிச் சேலைத் தொட்டில் கட்டினார்கள். பஞ்சாபகேசனின் படுக்கை நேர் மேலே. தொட்டில் ஆடும்போதெல்லாம் கொக்கியின் கிரீச் கிரீச் தரை வழியாக அவருக்குக் கேட்டது. வெளியே மூன்று நாளாக விடாத மழை. முதல் கண்ணாடி இருபத்தெட்டு நாள் தாங்கியது. இரண்டாவது பதினெட்டு நாள். மூன்றாவது எத்தனை நாள் தாங்கும் என்று தெரிந்துகொள்ள டிப்ளமா வேண்டாம், விரல் விட்டு எண்ணத் தெரிந்தால் போதும்.

இருபதாம் தேதி விடிந்ததும் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். அதுவும் அவர் புத்திக்குத் தகுந்த முடிவுதான். கையில் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு, குடையைப் பிடித்தபடி பின்பக்கம் போனார். கண்ணாடியைத் தாமே உடைத்துவிட்டு, "உடைந்துவிட்டது, வாருங்கள்" என்று கூவி விடுவது. ஓட்டைகளைத் திறந்துவிடுவார்கள், குழந்தை பிழைத்துவிடும், தாமும் பிழைத்துவிடலாம். பொய்யைக் கொண்டே பொய்யை அடித்துவிடலாம் என்று கணக்கு.

கல்லுக்கு வேலை இருக்கவில்லை. கண்ணாடி ஏற்கெனவே உடைந்திருந்தது. பத்தே நாள்.

"வானமாமலை!" என்று கத்தினார். வேப்பங்குச்சியும் வாயுமாக அவன் ஓடி வந்தான். கண்ணாடியைப் பார்த்தான். எச்சிலைத் துப்பிவிட்டு விரலில் கணக்குப் போட்டான்.

"ஜூன் இருபத்தஞ்சு... ஐம்பத்தாறு நாளு தாங்கிட்டு இப்பதான் ஒடஞ்சிருக்கு. அப்போ சுவரு அசையுது, நான் சொன்னது சரிதான். ஆனா ரொம்ப மெதுவாத்தான் அசையுது சார், பயப்பட வேண்டாம். இந்த மழையில மண்ணைக் கலைக்க வேண்டாம். மழை விடட்டும், தசரா கழிச்சு ஓட்டையத் தொறந்துக்கிடலாம்."

சொல்லிவிட்டு, பஞ்சாபகேசன் முகம் போன போக்கைப் பார்த்து, "நீங்க மனச விட்டுராதீய சார். தப்பு ஆருக்கும் வாரதுதான்" என்றான்.

மழை குடையின் மேல் கொட்டியது. தப்பித்தாயிற்று. ரகசியம் ரகசியமாகவே இருக்கும். தோற்றாலும் கௌரவமான தோல்வி. தசராவுக்கு இன்னும் இரண்டு மாதம். ஜன்னலுக்குள் கொக்கி கிரீச்சிட்டது. பேராச்சி குழந்தையிடம் என்னவோ கொஞ்சிக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு, பதினெட்டு, பத்து. இரண்டு மாதம் எங்கே இருக்கிறது? அடுத்தது இரண்டு நாளோ, இரண்டு மணியோ.

"இரு, வரேன்" என்று சொல்லிவிட்டுப் பஞ்சாபகேசன் மாடி ஏறினார். பெட்டியைத் திறந்து இரண்டு கண்ணாடிகளையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். வானமாமலையின் ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தார். முன்பக்கம் இரண்டிலும் 25-6-66, வா.மா. இரண்டையும் திருப்பி வைத்தார். பின்பக்கம் அச்சுக் கோத்தாற்போல் தேதிகள்.

வானமாமலை குனிந்து படித்தான். ஒரு தடவை படித்தான். திரும்பவும் முன்பக்கத்தைப் பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தைப் பார்க்கப் பஞ்சாபகேசனுக்குத் தைரியம் இல்லை, அதனால் அதில் என்ன இருந்தது என்று கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது.

"ஏ பேராச்சி!" என்று அவன் போட்ட சத்தத்தில் மாடி ஜன்னல்களெல்லாம் திறந்தன. "புள்ளயத் தூக்கிட்டு வாசல் வழியா வெளிய ஓடு! சாமானத் தொடாத!"

கடப்பாரையை எடுத்துவர ஒரு ஆள். இன்னொரு ஆள் கட்டடத்தைக் காலி பண்ண. வானமாமலை ஜன்னல் விளிம்பிலிருந்த இரண்டு கண்ணாடிகளையும் எடுத்து, சுவரிலிருந்த மூன்றாவதையும் பெயர்த்து மடியில் செருகிக்கொண்டு, மழையில் நின்று கோடியிலிருந்த முதல் ஓட்டையின் சிமெண்டை உடைத்தான். உள்ளேயிருந்து செம்மண் தண்ணீர் கைத்தடி கனத்துக்குப் பீய்ச்சி அடித்தது. இரண்டாவது, மூன்றாவது. பஞ்சாபகேசன் மறு கோடியிலிருந்து உடைத்துக்கொண்டு வந்தார். கடப்பாரை பிடித்துப் பழகாத கை, தோல் உரிந்து போயிற்று. மொத்தத்தில் ஏழாவது ஓட்டையில் அவர் கை வைத்தபோது நடுச்சுவரில் ஒரு கல் மெல்ல முன்னால் வந்தது. வானமாமலை அவருடைய சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான்.

முப்பதடி நீளத்துக்குச் சுவர் விழுந்தது. அவசரமே இல்லாமல், களைத்த மனுஷன் உட்காருகிற மாதிரி விழுந்தது. சேறும் கல்லும் கோடி வீட்டு ஜன்னலைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே போயின. சத்தம் அடங்கிய பிறகு பார்த்தால் தொட்டில் கொக்கி மட்டும் கூரையில் இருந்தது. சேலை கல்லுக்கு அடியில் போய்விட்டது.

பேராச்சி குழந்தையை இறுக்கிக்கொண்டு வாசலில் நின்று அழுதாள். நாகலக்ஷ்மி அவளைத் தன் மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். குடித்தனக்காரர்கள் எல்லோரும் வானமாமலையைச் சூழ்ந்துகொண்டார்கள். நீ இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்றார் தலைவர். முதல் நாளே சொன்னானே பிள்ளையாண்டான் என்றது ஒரு குரல். சற்றுத் தள்ளி, ரத்தம் கசிகிற கையோடு தனியாக நின்ற பஞ்சாபகேசனுக்கு அப்போதும் வயிறு எரிந்தது. ஒரு குழந்தை பிழைத்திருக்கிறது, அதில்கூடவா என்று தம்மையே கேட்டுக்கொண்டார். ஆமாம், அதில்கூடத்தான். எரிந்தது.

பத்து மணிக்கு ஜஹாங்கீர் சேட் வந்தார். இடிந்த இடத்தைப் பார்த்தார். தலையைப் பிடித்துக்கொண்டு தலைவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எப்போது உடைந்தது, யார் பார்த்தது, எல்லாம் எழுத்தில் வேண்டும், இப்போதே வேண்டும் என்றார்.

வானமாமலை, சேட் கொண்டு வந்த ஆபீஸ் ரிஜிஸ்டரோடு மாடிப்படிக்கு வந்தான். அங்கே பஞ்சாபகேசன் உட்கார்ந்திருந்தார். பதித்த தேதி, உடைந்த தேதி, பார்த்தவர் பெயர் என்று கட்டம் போட்ட பக்கத்தை விரித்து அவர் மடியில் வைத்தான். அதன் மேல் மூன்று கண்ணாடிகளையும் வைத்தான்.

"நீயே எழுதிடேன்ப்பா" என்றார் பஞ்சாபகேசன். "கை உரிஞ்சு போயிருக்கு."

வானமாமலை பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினான்.

"நீங்கதான் எழுதணும் சார். என் கையெழுத்து உங்களுக்கு வரும். உங்க கையெழுத்து எனக்கு வராது."

அவர் பேனாவை வாங்கிக்கொண்டார். மூன்று கண்ணாடிகளுக்கும் உரிய தேதிகளை எழுதி, பார்த்தவர் பெயர் என்ற கட்டத்துக்கு வந்து, மூன்று வரியிலும் தம் பெயரை முழுசாக எழுதினார். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.